ஆங்கிலச் சொல்லைப் பிரிக்கும் முறை: அசை, அழுத்தம், உறுப்பு

தமிழ் வழியில் படித்துவிட்டுச் சென்னைக்கு வேலை தேடி வருகிறவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் இல்லை. டெவலப்மென்ட், செர்டிஃபிகேட், காம்பொனன்ட், ரெஸ்பான்சிபிலிட்டி எல்லாவற்றுக்கும் பொருள் தெரியும். பிழையில்லாமல் எழுதவும் வரும். தரமணியிலோ சிறுசேரியிலோ உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் நேர்காணல் நடக்கும்போதுதான் சிக்கல். சொல்லைச் சொன்னதும் எதிர்முனையில் இருப்பவர் "சாரி?" என்கிறார். மறுபடி சொன்னாலும் அதே கேள்வி. மூன்றாம் முறை குரலை உயர்த்திச் சொல்கிறார்கள், அப்போதும் புரிவதில்லை. "என் இங்கிலீஷே சரியில்லை" என்று மனம் உடைந்துபோகிறார்கள்.

அவர்களுடைய இங்கிலீஷில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. தமிழ் வாடை வீசுவது ஒரு குறையே அல்ல. ஆங்கிலம் பேசுகிற எல்லோரிடமும் ஏதோ ஓர் ஊரின் வாடை இருக்கத்தான் செய்கிறது. சொல்லுக்குள் அழுத்தம் தவறான இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காது, அழுத்தமாக ஒலிக்கும் பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் அது என்ன சொல் என்று தேடும். அந்தப் பிடி இடம் மாறினால், மற்ற ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தாலும் சொல் அகப்படாது.

இதைச் சரிசெய்ய ஒரு சொல்லை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். வாயில் அது எத்தனை அசையாக வருகிறது, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது, பொருள் தரும் உறுப்புகள் எவை. இவை மூன்றும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் வரிசையாகப் போவோம்.

ஒரு குறியீட்டை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆங்கில அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேல்பக்கம், ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். இந்தக் கட்டுரையிலும் அதையே போட்டிருக்கிறேன். டி-ˈவெ-லப் என்று எழுதியிருந்தால் மூன்று அசை, நடு அசையில் அழுத்தம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: காதால் எண்ணுங்கள்

ஆங்கில வகுப்பில் சிலபிள் என்று சொல்வதையே அசை என்கிறேன். யாப்பிலக்கணத்தில் படித்த அசையை இங்கே கொண்டுவர வேண்டாம். அங்கே 'மலர்' நிரையசை, ஒரே அசை. இங்கே ம-லர், இரண்டு அசை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதுதான் இந்தக் கணக்கு. மெய்கள் எத்தனை வந்தாலும் அவை அந்த உயிரை ஒட்டி நிற்கும்.

புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள். உயிரொலி வரும்போதெல்லாம் தாடை இறங்கிக் கையைத் தொடும். 'எலிஃபன்ட்' என்றால் மூன்று முறை தொடும். இகர ஒலிக்குத் தாடை கொஞ்சமாகத்தான் இறங்கும் என்பதால் அவசரப்படாதீர்கள்.

எழுத்தைப் பார்த்து எண்ணுவதுதான் இந்தப் படியில் செய்யக்கூடாத காரியம். 'பிசினஸ்' தாளில் மூன்று அசை போலத் தெரியும். வாயில் பிஸ்-னஸ், இரண்டுதான். 'சாக்லேட்' சாக்-லட். புதன்கிழமையைக் குறிக்கும் சொல் வென்ஸ்-டே. நடுவில் எழுதியிருக்கும் டகரம் ஒலிப்பதே இல்லை. மாறாக, நாலே எழுத்துள்ள 'ஐடியா'வுக்கு மூன்று அசை: ஐ-ˈடி-யா. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. உயிரொலி ஒன்றே ஒன்று, ஆகவே அசையும் ஒன்றே ஒன்று.

இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்ச் சொல் இரண்டு மெய்களைச் சேர்த்துத் தொடங்காது; வல்லின மெய்யில் முடியவும் செய்யாது. இது நம் மொழியின் இயல்பு. அதனால் வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு நாம் ஓர் உயிரைக் கூட்டி அதை நம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்கிறோம். ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது. பஸ் 'பஸ்ஸு' ஆகிறது. கிளாஸ், பிளீஸ், டிரெயின் என்று எழுதும்போதே கி, பி, டி என்று ஓர் இகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். தமிழ் பேசும்போது இது சரியே, மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும்போது மட்டும் அந்த உயிர் ஓர் அசையைக் கூட்டிவிடுகிறது. ஒரே அசையான 'கிளாஸ்' கி-ளாஸ் என்று இரண்டாகிறது. அசை கூடினால் அழுத்தமும் இடம் தடுமாறும்.

அந்த உயிரை நீக்க ஒரு வழி. 'கிளாஸ்' சொல்வதற்கு முன் நாக்கு நுனியை லகரம் சொல்லும் இடத்தில், அதாவது மேல்பல்லுக்குப் பின்னால், முன்கூட்டியே வைத்துவிடுங்கள். நுனியை எடுக்காமலே ககரத்தைத் தொண்டைப் பக்கம் வெடியுங்கள். இகரம் நுழைய இடமே இருக்காது. 'பிளீஸ்' சொல்லும்போதும் அப்படித்தான்: உதடு மூடியிருக்கும்போதே நாக்கு லகரத்துக்குப் போயிருக்க வேண்டும். 'ஸ்கூல்' சொல்ல, முதலில் ஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்றை விட்டு, நிறுத்தாமல் கூல் என்று முடியுங்கள். சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்பவர்கள் 'பேங்க்' என்று சொல்லி ககரத்திலேயே மூச்சை ஒரு கணம் அடைத்துவைத்துப் பாருங்கள். முதலில் சொல் முடியாமல் தொங்குவதுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் அதுதான் முடிவு.

இதே வகையில் நேர்காணலில் அதிகம் அடிபடுவது இறந்தகால வினை. "நான் இரண்டு வருடம் வேலை செய்தேன்" என்று சொல்ல வரும்போது 'வொர்க்கட்' என்று இரண்டசையாகச் சொல்கிறோம், எழுத்தில் ஈ இருக்கிறதே என்று. அந்த ஈ ஒலிப்பதில்லை. வொர்க்ட், ஹெல்ப்ட், கால்ட், ஃபினிஷ்ட் எல்லாம் ஓரசை அல்லது மூலவினைக்கு எத்தனையோ அத்தனை அசைதான். விதிவிலக்கு ஒன்றே. வான்ட், நீட் போல வினையே டகர ஒலியில் முடிந்தால், அது வன்மையாக ஒலித்தாலும் மென்மையாக ஒலித்தாலும், ஓர் அசை கூடும்: வான்-டட், நீ-டட். பன்மைக்கும் ஏறத்தாழ இதே நியாயம். பஸ், பாக்ஸ், வாட்ச் போலச் சீறும் ஒலியில் முடிந்தால் பஸ்-ஸஸ், பாக்-ஸஸ், வாட்-சஸ். மற்றபடி கேம்ஸ், பேங்க்ஸ், டெஸ்க்ஸ் என்று அசை கூடாமல் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: ஓர் அசையைத் தூக்குங்கள், மற்றவற்றை இறக்குங்கள்

அழுத்தம் என்றால் சத்தம் மட்டும் அல்ல. அந்த அசை கொஞ்சம் நீளும், குரல் சற்று மேலே ஏறும், அதன் உயிரொலி முழுமையாகத் திறந்து ஒலிக்கும். மற்ற அசைகள் சுருங்கும். இந்தச் சுருக்கம்தான் நமக்குப் பழக்கமில்லாதது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. சொல்லின் எந்த இடத்தில் வந்தாலும் ஆகாரம் ஆகாரம்தான். ஆங்கிலத்தில் அழுத்தம் இழந்த உயிர் தன் நிறத்தையே இழந்துவிடும். அகரமும் இல்லாமல் எகரமும் இல்லாமல் மங்கலாக ஓர் ஒலி வரும். அதற்கு ஷ்வா என்று பெயர். அகராதியில் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஈ எழுத்துதான் அதன் குறி. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான்.

வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லில் ஏ என்ற எழுத்து மூன்று முறை வருகிறது. நாம் மூன்றுக்கும் ஏதோ ஒரு முழு ஒலியைக் கொடுத்துப் 'பனானா' என்கிறோம். அவர்கள் வாயில் ப-ˈனா-ன. நடுவில் மட்டும் ஆகாரம். முதலும் கடைசியும் மங்கல். 'கமிட்டி'யும் அப்படியே: க-ˈமி-டி. முதல் அசை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

அழுத்தப் பயிற்சி செய்கிற பலரும் ஓர் அசையை உரக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். மற்ற அசைகளும் பழையபடி முழு மாத்திரையோடு ஒலிப்பதால், கேட்பவருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. தூக்குவதைவிட இறக்குவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. ஒரு ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டிக்கொள்ளுங்கள். அழுத்தம் விழும் அசைக்கு இழுங்கள். மற்ற அசைகளுக்குத் தளர விடுங்கள். டி-ˈவெ-லப். கை தளர்ந்திருக்கும்போது வாயும் தளரக் கற்றுக்கொள்ளும்.

சரி, எந்த அசையில் அழுத்த வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நாம் படிக்கும் திசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் பெரும்பாலும் முதல் அசையில் ஊன்றிவிட்டு மீதியை ஓடவிடுகிறோம். அலுவலகம், கல்லூரி, மருத்துவமனையில் புழங்கும் நீளமான ஆங்கிலச் சொற்கள் அநேகமாக லத்தீன், கிரேக்கத்திலிருந்து வந்தவை. அவற்றில் அழுத்தத்தை நிர்ணயிப்பது விகுதி. ஆகவே வாயைத் திறக்கும் முன் சொல்லின் கடைசியைப் பாருங்கள்.

தனக்கு முந்தைய அசைக்கு அழுத்தத்தை இழுக்கும் விகுதிகள் ஒரு கூட்டம். -ஷன், -இக், -இட்டி, -ஷியன், -லஜி, -கிராஃபி, -நமி எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வீட்டில் மின்சாரம் போனால் ஈ.பி.க்கு போன் செய்கிறோமே, அந்த ஈ என்ற எழுத்துக்குப் பின்னால் இருக்கும் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரிக் என்பது இ-ˈலெக்-ட்ரிக். -இக் விகுதிக்கு முன்னால் அழுத்தம். அதோடு -இட்டி சேர்ந்தால் அழுத்தம் நகர்கிறது: இ-லெக்-ˈட்ரி-ஸ-டி. வயரிங் வேலை செய்ய வருபவர் இ-லெக்-ˈட்ரி-ஷன். மூன்றிலும் எழுத்தில் சீ அப்படியே நிற்கிறது. ஒலியில் முதலில் க், அடுத்து ஸ், அப்புறம் ஷ். ஆங்கில எழுத்துமுறை ஒலியைக் காட்டுவதில் எவ்வளவு மோசமோ, உறவைக் காட்டுவதில் அவ்வளவு உதவியானது. அடிச்சொல் கிரேக்கத்தில் அம்பரை, அதாவது கல்போல் இறுகிய பழைய மரப்பிசினைக் குறிக்கும் எலெக்ட்ரான். அம்பரைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். 1600இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் தம் காந்த ஆய்வை லத்தீனில் எழுதியபோது அதிலிருந்து உருவாக்கிய பெயரடையிலிருந்து வளர்ந்தவைதான் இத்தனை சொற்களும்.

பொருளாதாரக் குடும்பமும் இப்படியே: இ-ˈகா-ன-மி, ஈ-க-ˈநா-மிக், இ-ˈகா-ன-மிஸ்ட். பல்கலைக்கழகம் யூ-நி-ˈவர்-ஸ-டி. பதிவு செய்யும் கவுன்டரில் ரெ-ஜிஸ்-ˈட்ரே-ஷன். இந்த விதிக்கு அடங்காதவை கொஞ்சம் உண்டு. ˈபா-ல-டிக்ஸ், அ-ˈரித்-ம-டிக் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அன்றாடத்துக்குப் போதும்.

இரண்டாவது கூட்டம் அழுத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். சென்னையில் திரும்பின பக்கமெல்லாம் இருக்கிற இன்ஜினியரே உதாரணம்: என்-ஜி-ˈனியர். வா-லன்-ˈடியர், ட்ரெய்-ˈனீ, ஜா-ப-ˈனீஸ் எல்லாம் இந்த வகை. இரட்டை ஈ எழுத்தில் முடிந்தும் அடங்காதவை கமிட்டியும் காஃபியும். ˈகா-ஃபி என்று முதலிலேயே அழுத்தம்.

மூன்றாவது கூட்டம் எதையும் தொந்தரவு செய்யாது. -மென்ட், -நெஸ், -ஃபுல், -லெஸ், -லி, -இங், -அர். ராஜீவ் காந்தி சாலை முழுக்க டெவலப்பர்கள். அவர்களில் பலர் ˈடெவ்-லப் என்று முதலசையில் அழுத்துகிறார்கள். டி-ˈவெ-லப் என்று ஒரு முறை சரிசெய்துகொண்டால் டி-ˈவெ-ல-பர், டி-ˈவெ-ல-பிங், டி-ˈவெ-லப்-மன்ட் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அந்த மென்ட், மன்ட் என்று மங்குவதையும் கவனியுங்கள்.

-கேட், -ரேட், -யேட் என்று முடிகிற நீளமான சொற்களில் அழுத்தம் விழுவது கடைசியிலிருந்து மூன்றாவது அசையில்: க-ˈம்யூ-நி-கேட், ˈசெ-ல-ப்ரேட். சான்றிதழுக்கும் அதே இடம், ஆனால் அது பெயர்ச்சொல் என்பதால் கடைசி அசை மங்கிவிடும்: சர்-ˈடி-ஃபி-கட்.

விகுதி இல்லாத ஈரசைச் சொற்களில் சில, பெயராக வந்தால் முன்னால் அழுத்தும், வினையாக வந்தால் பின்னால் அழுத்தும். ராஜாஜி சாலையில் ஏற்றுமதி இறக்குமதி அலுவலகங்களில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இது தினசரித் தேவை. இறக்குமதி என்றால் ˈஇம்-போர்ட். இறக்குமதி செய்வது இம்-ˈபோர்ட். ˈபர்-மிட் கையில் இருக்கும் தாள், பர்-ˈமிட் அனுமதிப்பது. ˈரெ-கார்ட், ரி-ˈகார்ட் இரண்டிலும் முதல் உயிரே மாறிவிடுகிறது. எல்லாச் சொல்லும் இப்படி மாறாது. ரி-ˈபோர்ட், கன்-ˈட்ரோல் எப்போதும் பின்னால். ˈஆன்-சர், ˈப்ரா-மிஸ் எப்போதும் முன்னால்.

நம் ஊரில் அதிகம் இடம் மாறும் சொற்கள் சிலவற்றை இப்போதே உரக்கச் சொல்லிப் பாருங்கள்: கம்-ˈபோ-னன்ட், இ-ˈவென்ட், ˈஇன்-டஸ்-ட்ரி, ˈமெ-க-நி-ஸம், பர்-ˈசென்ட், டி-ˈடர்-மின். கடைசிச் சொல்லைச் சுரங்கம் என்று பொருள்படும் 'மைன்' போல முடிக்கிறவர்கள் அநேகம், அது 'மின்'தான். ஹோட்டல் தமிழில் ஹோட்டலாகவே இருக்கட்டும், அங்கே இட்லி கிடைக்கும். ஆங்கில வாக்கியத்தில் வரும்போது ஹோ-ˈடெல்.

மூன்றாம் படி: பொருள் தரும் உறுப்புகள்

இதில் தமிழ் படித்தவர்களுக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, அதேதான். செய்தான் என்பதைச் செய் + த் + ஆன் என்று பிரித்தோம்: பகுதி, இடைநிலை, விகுதி. உறுப்பு மூன்று. வாயில் சொன்னால் செய்-தான், அசை இரண்டு. இடைநிலையான த், அசைப்பிரிப்பில் விகுதியோடு ஒட்டிக்கொண்டு தான் என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்திலும் இப்படித்தான். வொர்க்ட் ஓரசை, உறுப்பு இரண்டு, கடைசி ட் இறந்தகாலம். டீச்சர் என்பதன் அசை டீ-சர். உறுப்போ டீச் + அர். எலிஃபன்டுக்கு மூன்று அசை இருந்தும் உறுப்பு ஒன்றுதான். அசைக்கு வெட்டிய இடத்திலேயே உறுப்புக்கும் வெட்டப் பார்க்காதீர்கள்.

தமிழ்ச் சொல் பெரும்பாலும் பின்பக்கமே வளரும். ஆங்கிலச் சொல் முன்பக்கமும் வளரும். அன்-, டிஸ்-, மிஸ்-, ரி-, ப்ரீ- போன்ற முன்னொட்டுகளை ஒரு நாளில் படித்துவிடலாம். இன்- என்ற மறுப்பு முன்னொட்டு மட்டும் வேஷம் மாறும். இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாவற்றிலும் இருப்பது அதே இன்-. அடுத்து வரும் ஒலிக்கேற்ப மாறியிருக்கிறது. மரம் + கள் மரங்கள் ஆவதைப் புணர்ச்சியில் படித்த நமக்கு இது புதிதல்ல.

பிரிக்கும்போது வெளியே இருப்பதை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு முறை கழற்றிய பின்பும் மிச்சம் இருப்பது ஒரு சொல்லாக நிற்க வேண்டும், பொருளும் தொடர்புடையதாக இருக்க வேண்டும். அன்எம்ப்ளாய்மென்ட் என்பதில் அன்- போனால் எம்ப்ளாய்மென்ட் நிற்கிறது. -மென்ட் போனால் எம்ப்ளாய் நிற்கிறது. -மென்ட் மூன்றாவது கூட்டம் என்பதால் அழுத்தம் நகரவில்லை: அன்-எம்-ˈப்ளாய்-மன்ட்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் வெட்டினால் ஏமாந்துபோவோம். 'அங்கிள்' ஆங்கிலத்தில் யூ, என் என்ற எழுத்துகளில் தொடங்கினாலும் அதில் அன்- இல்லை; மிச்சம் சொல்லாக நிற்காது. கேட்டமரான் என்ற சொல்லின் தலையில் பூனை இருப்பதுபோல எழுத்து காட்டும். அது நம் கட்டுமரம். தமிழில் கட்டு, மரம் என்று இரண்டு உறுப்பு. ஆங்கிலத்துக்குப் போனதும் கே-ட-ம-ˈரேன் என்று நான்கு அசையாகி, உள்ளே பிரிக்க முடியாத ஒற்றை உறுப்பாகிவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் பெட்ரோல் டேங்கர்களின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். இன்- என்றால் மறுப்பு என்று படித்தவர் 'தீப்பிடிக்காது' என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அங்கே இன்- மறுப்பு அல்ல. இன்ஃப்ளேம், அதாவது தீ மூட்டு என்ற வினையின் பாகம். ஃப்ளேமபிள் என்றாலும் இன்ஃப்ளேமபிள் என்றாலும் எளிதில் தீப்பற்றும் என்றே பொருள்.

உறுப்புப் பிரிப்பில் மருத்துவச் சொற்களைப் போல நல்ல பயிற்சி வேறில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் துறைப்பலகை முன் நின்று படியுங்கள். மெடிக்கல் கோடிங், காப்பீட்டு கிளெய்ம் வேலைகளுக்குச் சென்னையில் தயாராகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கார்டியோ இதயம், நெஃப்ரோ சிறுநீரகம், நியூரோ நரம்பு, டெர்மட்டோ தோல், ஹெமட்டோ ரத்தம், ஹெபட்டோ கல்லீரல். எல்லாம் கிரேக்கம். -லஜி அதைப் பற்றிய படிப்பு.

இனி அழுத்தத்தைப் பாருங்கள். கார்-டி-ˈஆ-ல-ஜி, நெ-ˈஃப்ரா-ல-ஜி, டர்-ம-ˈடா-ல-ஜி. பலகையில் எத்தனை -லஜி இருந்தாலும் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில்தான். அந்த அசையின் உயிர் எது? ஓ என்ற எழுத்து. அதற்குத் தனிப்பொருள் கிடையாது. இரண்டு கிரேக்க உறுப்புகளை இணைக்க நடுவில் வருவது, நம் சாரியை செய்யும் வேலையைச் செய்வது. பொருளே இல்லாத அந்த இணைப்புக்குத்தான் சொல்லின் முழு அழுத்தமும் போகிறது. பொருளுள்ள இடத்தில் அழுத்த வேண்டும் என்று நினைத்து ˈகார்-டி-யா-லஜி என்று இதயத்தில் ஊன்றுகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

பலகையிலேயே நீளமானது கேஸ்ட்ரோஎன்ட்ராலஜி. பயப்பட வேண்டாம். -லஜியைக் கழற்றுங்கள். கேஸ்ட்ரோ இரைப்பை, என்டரோ குடல். மூன்று உறுப்பு, ஏழு அசை: கேஸ்-ட்ரோ-என்-ட-ˈரா-ல-ஜி. கடைசி மூன்று அசையைத் தனியாக ˈரா-ல-ஜி என்று நாலைந்து முறை சொல்லுங்கள். பிறகு முன்னால் ட-வைச் சேருங்கள், பிறகு என், பிறகு ட்ரோ, பிறகு கேஸ். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் அழுத்தம் நகராது. எந்த நீளச் சொல்லுக்கும் இந்த முறை பொருந்தும்.

-ஐடிஸ் என்றால் அழற்சி. அழுத்தம் அந்த ஐகாரத்திலேயே: ஆர்-ˈத்ரை-டிஸ் மூட்டழற்சி, கேஸ்-ˈட்ரை-டிஸ் இரைப்பை அழற்சி. -எக்டமி என்றால் வெட்டி எடுத்தல். கருப்பை அகற்றும் சிகிச்சை ஹிஸ்-ட-ˈரெக்-ட-மி. குடல்வால் அகற்றுவது அ-பன்-ˈடெக்-ட-மி. டிஸ்சார்ஜ் சம்மரியில் வரும் பல சொற்களை இந்த இரண்டு விகுதிகளை வைத்தே ஊகித்துவிடலாம்.

அகராதியை எப்படிப் பார்ப்பது

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டன் உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். முதலில் நீங்களே விகுதியைப் பார்த்து ஊகித்துவிட்டு, அதன் பிறகு ஒலிப்பதிவைத் தட்டுங்கள். ஊகிக்காமல் கேட்டால் காதில் நிற்காது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் தலைச்சொல்லின் நடுவே புள்ளிகள் இருக்கும். அவை அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. அசைப்பிரிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ள ஒலிக்குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு நாட்டிலும் அழுத்தம் மாறும் சொற்கள் சில உண்டு. ஆய்வுக்கூடம் பிரிட்டனில் ல-ˈபா-ர-ட்ரி, அமெரிக்காவில் ˈலே-ப்ர-டோ-ரி. விளம்பரம் பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட், அமெரிக்காவில் அட்-வர்-ˈடைஸ்-மன்ட். வாடிக்கையாளர் எந்த நாட்டவரோ அந்த நாட்டு உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். இரண்டும் சரியானவை, கலப்பதுதான் குழப்பும்.

பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும், ஆனால் அதன் குடும்பத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லி முடித்ததும் கைபேசியில் பதிவு செய்து அகராதியின் ஒலியோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறையைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு மொட்டைமாடிதான் வசதி. இதை முணுமுணுத்துப் பழகினால் பலன் இல்லை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு சொல்லை முழுதாகச் செய்து காட்டுகிறேன். எல்லோருடைய சுயவிவரத்திலும் இருக்கும் ரெஸ்பான்சிபிலிட்டி. கடைசியைப் பார்க்கிறோம்: -இட்டி, முதல் கூட்டம், முந்தைய அசைக்கு அழுத்தம். கழற்றினால் ரெஸ்பான்சிபிள் நிற்கிறது; அதன் அழுத்தம் ரி-ˈஸ்பான்-ஸ-பல் என்று இரண்டாம் அசையில். -இட்டி வந்ததும் கடைசி 'பல்' மங்கலிலிருந்து விழித்து 'பில்' ஆகிறது, அழுத்தமும் அங்கே தாவுகிறது: ரி-ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி. ஆறு அசை. பின்னாலிருந்து கட்டுங்கள்: ˈபி-ல-டி, ஸ-ˈபி-ல-டி, ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி, ரி-ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி. தொடக்கத்தில் ரெஸ் என்று ஊன்றும் பழக்கம் இந்த வரிசையில் தானாக விலகும்.

இனி நீங்கள் செய்ய மூன்று: தெருமுனையில் நிற்கும் ட்ரான்ஸ்ஃபார்மர், அதன் உறவான ட்ரான்ஸ்ஃபர்மேஷன், பிறகு பங்க்சுவாலிட்டி. எழுதிவைத்துவிட்டு விடையைப் பாருங்கள். ட்ரான்ஸ்-ˈஃபார்-மர்: முன்னொட்டு ட்ரான்ஸ்-, பகுதி ஃபார்ம், விகுதி -அர், அது மூன்றாவது கூட்டம் என்பதால் அழுத்தம் பகுதியிலேயே நிற்கிறது. ட்ரான்ஸ்-ஃபர்-ˈமே-ஷன்: -ஷன் அழுத்தத்தை இழுத்துக்கொண்டது, ஃபார் மங்கி ஃபர் ஆகிவிட்டது. பங்க்-சு-ˈஆ-ல-டி: ஐந்து அசை, -இட்டியைக் கழற்றினால் பங்க்சுவல் நிற்கும், அதன் அழுத்தம் முதலசையில்.